வெளிநாட்டுப் பணியிடங்களையும் சேர்த்து ஆள்பலத் திட்டம் போடுவது எப்படி

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒவ்வொரு துறைத் தலைவரும் அடுத்த நிதியாண்டுக்குத் தமக்கு எத்தனை பேர் வேண்டும் என்று ஓர் எண்ணிக்கையைத் தருவார். மனிதவளத் துறை அதைக் கூட்டிக் கழித்து நிதித் துறையிடம் ஒப்புதல் வாங்கும். திட்டம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்த பிறகு, ஜூன் மாதத்தில் ஒரு நாள், "ஸ்டுட்கார்ட்டுக்கு அடுத்த மாதமே ஒருவர் வேண்டும்" என்று ஒரு மின்னஞ்சல் வரும்போதுதான் விசா, வரி, வீட்டு வாடகை, குழந்தையின் பள்ளி ஆகிய சொற்கள் முதன்முறையாகக் காதில் விழும். ஆன்சைட் அனுப்புவதை, அதாவது வெளிநாட்டில் வாடிக்கையாளரின் பக்கத்தில் இருந்து வேலை செய்ய ஆளை அனுப்புவதை, பயணச்சீட்டு எடுக்கும் வேலையாகவே இன்னும் பல நிறுவனங்கள் நினைத்துக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். ஒருவர் எந்த நாட்டில், எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு காலம் சட்டப்படி வேலை செய்ய முடியும் என்பது ஆள்பலத் திட்டத்துக்குள் முதலிலேயே நுழைய வேண்டிய கணக்கு.

இந்த வழிகாட்டி, இதற்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அல்ல. ஓரிரு மனிதவள அலுவலர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் நடுத்தர நிறுவனங்களுக்கானது. விளக்கத்துக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோவையில் 400 பேரோடு வாகன மென்பொருள் எழுதும் அந்த நிறுவனத்துக்கு ஜெர்மனியில் ஒரு துணை நிறுவனமும், அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு சிறிய துணை நிறுவனமும், சிங்கப்பூரில் ஓர் அலுவலகமும் இருக்கின்றன. ஜப்பானில் வாடிக்கையாளர் மட்டும் உண்டு, சொந்த அலுவலகம் கிடையாது.

யார் போவது என்பதற்கு முன், எதற்காகப் போவது

துறைத் தலைவர்களிடம் "எத்தனை ஆன்சைட் வேண்டும்" என்று கேட்டால் கடந்த ஆண்டின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டித் தருவார்கள். அதற்குப் பதிலாக, "அந்த ஊரில் நம் ஆள் இல்லாவிட்டால் எந்த வாரத்தில் எந்த வேலை நின்றுபோகும்?" என்று கேளுங்கள். வாகன மென்பொருளில் இதற்குத் தெளிவான பதில்கள் உண்டு. சோதனை வண்டி ஜெர்மனியில் இருக்கிறது. அதைக் கோவைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே சோதனை நடக்கும் மாதங்களில் இருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். தேவைகளை வாடிக்கையாளரோடு உட்கார்ந்து எழுதும் முதல் சில வாரங்களுக்கும் ஒருவர் தேவைப்படலாம். இவை போக மிஞ்சுபவற்றில் பாதி, உண்மையில் வாடிக்கையாளரின் மனநிம்மதிக்காகவோ, விலகிப் போய்விடுவாரோ என்று அஞ்சும் ஒரு நல்ல பொறியாளருக்குப் பரிசாகவோ கேட்கப்படுபவை. பரிசாக அனுப்புவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத் திட்டத்தில் பரிசு என்றே எழுத வேண்டும், அப்போதுதான் அதே பணத்தில் சம்பள உயர்வு தருவது மேலா என்று நிதித் துறை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

தேவை உறுதியான பிறகு கால அளவைக் கொண்டு அதைப் பிரியுங்கள். சில வாரங்களில் முடியும் பயணம், இங்குள்ள ஊழியராகவே இருந்து ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை அங்கே பணிபுரியும் டெபுடேஷன், அங்குள்ள துணை நிறுவனத்தின் ஊழியராகவே மாறிவிடும் நிரந்தர இடமாற்றம் ஆகிய மூன்றுக்கும் விசா வேறு, வரி வேறு, திரும்பிவரும் வாய்ப்பும் வேறு. இந்த மூன்றோடு நான்காவதாக, அந்த நாட்டிலேயே ஒருவரை வேலைக்கு எடுக்கும் வழியையும் ஒவ்வொரு இருக்கைக்கு (வெளிநாட்டுப் பணியிடத்துக்கு) எதிராகவும் எழுதிப் பாருங்கள். இந்தியச் சம்பளத்தையும் உள்ளூர்ச் சம்பளத்தையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆன்சைட் மலிவாகத் தெரியும். அது ஏன் ஏமாற்று என்பதைச் செலவுக் கணக்கில் பார்ப்போம்.

நாள்காட்டியைப் பின்னோக்கி எண்ணுதல்

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை விசாவான ஹெச்-1பிக்கு ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்களும் உண்டு. பதிவு மார்ச் மாதத்தில் நடக்கும். தேர்வானவர் அக்டோபர் 1 முதல்தான் வேலை தொடங்க முடியும். எனவே 2027 ஜனவரியில் மிச்சிகனில் புதிதாக ஒருவர் உட்கார வேண்டுமானால், அவர் பெயர் 2026 மார்ச்சிலேயே பதிவாகியிருக்க வேண்டும்; அதாவது 2026-27 நிதியாண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைப்பதற்கு முன்பே ஆளைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பதிவு செய்தாலும் இடம் கிடைப்பது உறுதியில்லை என்பதால், விசா ஒப்புதல் கையில் வரும் வரை அந்த இருக்கையைத் திட்டத்தில் நிரம்பியதாகக் காட்டவே கூடாது. விதிகள் ஒரே இரவில் மாறும் என்பதையும் 2025 செப்டம்பர் காட்டிவிட்டது: அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய ஹெச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு செப்டம்பர் 19 அன்று வெளியாகி 21 அன்றே நடைமுறைக்கு வந்தது. ஒரே விசா வகையை நம்பி மூன்றாண்டுத் திட்டம் போட்டிருந்தவர்கள் அந்த வார இறுதியில் தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஒரே குழுமத்தின் நிறுவனங்களுக்குள் இடம் மாறுபவர்களுக்கான எல்-1 விசாவுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளில் குறைந்தது ஓராண்டு தொடர்ச்சியாகக் குழுமத்தின் வெளிநாட்டு நிறுவனத்தில், நம் கணக்கில் கோவையில், அவர் வேலை செய்திருக்க வேண்டும்; மேலாளராகவோ நிறுவனத்துக்கே உரிய சிறப்பு அறிவு உள்ளவராகவோ இருக்கவும் வேண்டும். இந்த விதிக்கும் ஆள்சேர்ப்புக்கும் உள்ள தொடர்பை பலர் கவனிப்பதில்லை. இன்று வெளியிலிருந்து எடுக்கும் மூத்த பொறியாளரை, ஓராண்டு முடியும் வரை எல்-1 வழியாக அனுப்பவே முடியாது. ஆகவே அடுத்த ஆண்டின் அமெரிக்கத் தேவை, இந்த ஆண்டின் ஆள்சேர்ப்புப் பட்டியலில் தெரிய வேண்டும்.

ஜெர்மனியில் குழும இடமாற்றத்துக்கான ஐ.சி.டி. அட்டைக்கு ஆறு மாதத் தொடர் பணி போதும். மேலாளருக்கும் வல்லுநருக்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டு. இதில் அவர் கோவை நிறுவனத்தின் ஊழியராகவே தொடர்வார். உயர்தகுதியுள்ள வெளிநாட்டவர்களுக்கான வேலை அனுமதியான, ஐரோப்பிய ஒன்றியத்தின் ப்ளூ கார்டு அப்படியல்ல. அதற்கு ஜெர்மனியில் உள்ளூர் வேலை ஒப்பந்தம் வேண்டும், ஆண்டுதோறும் மாற்றியமைக்கப்படும் சம்பள வரம்பையும் எட்ட வேண்டும் (2025இல் பொதுவான வரம்பு 48,300 யூரோ). முன்னது திரும்பிவரும் ஆளுக்கு, பின்னது பெரும்பாலும் திரும்பி வராத ஆளுக்கு. எந்த விசா சீக்கிரம் கிடைக்கும் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், மூன்று ஆண்டு கழித்துக் கோவையில் யார் இருப்பார்கள் என்பதையும் நாம் அறியாமலே தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

ஜப்பானில் விசாவைவிட மொழிதான் அதிகக் காலம் எடுக்கும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி. ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. அடிப்படை என்5 நிலையிலிருந்து, வாடிக்கையாளரின் கூட்டத்தில் உட்கார்ந்து பேச்சைத் தொடரக்கூடிய என்3, என்2 நிலைகளுக்கு வேலை பார்த்துக்கொண்டே படித்து வர ஆண்டுகள் ஆகும். எனவே நகோயாவில் இரண்டு ஆண்டு கழித்து மூவர் தேவை என்றால், இன்றே ஆறு அல்லது ஏழு பேரை வகுப்பில் சேர்க்க வேண்டும். பாதிப்பேர் நடுவில் நின்றுவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. வகுப்புக் கட்டணம் பயிற்சிச் செலவில் போய் ஒளிந்துகொள்ளாமல் அந்த மூன்று இருக்கைகளின் செலவாகவே பதிவாகட்டும்.

சிங்கப்பூர்: முன்னே போனவர்கள் பின்னே போகிறவரைத் தீர்மானிக்கும் இடம்

ஆள்பலத் திட்டமும் விசாவும் ஒன்றுக்குள் ஒன்று எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு சிங்கப்பூரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டுத் தொழில்முறைப் பணியாளர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்ற புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. 40 புள்ளி எடுத்தால் தேர்ச்சி. விண்ணப்பிப்பவரின் சம்பளத்துக்கும் கல்வித் தகுதிக்கும் புள்ளி உண்டு. அவற்றோடு, நிறுவனத்தின் தொழில்முறைப் பணியாளர்களில் அவருடைய நாட்டைச் சேர்ந்தவர்கள் எவ்வளவு பங்கு, உள்ளூர்க்காரர்கள் எவ்வளவு பங்கு என்பதற்கும் புள்ளி உண்டு. அவர் நாட்டினர் 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் 20 புள்ளி, 25 விழுக்காட்டையோ அதற்கு மேலோ எட்டிவிட்டால் பூச்சியம்.

நம் கோவை நிறுவனத்தின் சிங்கப்பூர் அலுவலகத்தில் 24 தொழில்முறைப் பணியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் 10 பேர் இந்தியர்கள் என்று வையுங்கள். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு நாட்டுப் பன்மைக்கும் உள்ளூர் வேலைவாய்ப்புக்கும் தலா 10 புள்ளி தானாகவே கிடைத்துவிடும். மீதி 20 புள்ளியைச் சம்பளமும் படிப்பும் தந்தால் போதும். 25ஆவது ஆள் சேர்ந்ததும் அந்தச் சலுகை போய்விடும். இந்தியர்களின் பங்கு 40 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால் பன்மைக்குப் பூச்சியம் விழும். கோவையிலிருந்து அடுத்து அனுப்பப்படுபவர் 40 புள்ளியையும் பெரும்பாலும் சம்பளம், படிப்பு, நிறுவனத்தின் உள்ளூர் வேலைவாய்ப்புப் பங்கு ஆகியவற்றிலிருந்தே திரட்ட வேண்டியிருக்கும். ஆக, 25ஆவது ஆள் யார், எந்த மாதத்தில் சேர்கிறார் என்பது திட்டத்தில் முன்கூட்டியே முடிவாக வேண்டிய விஷயம். வளர்ச்சி அங்கே தவிர்க்க முடியாதது என்றால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று நியமனங்களை உள்ளூரில் செய்துவிடுவது புத்திசாலித்தனம். உலக வர்த்தக அமைப்பின் உடன்பாடு அல்லது தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களின் கீழ் குழும இடமாற்றமாக வருவோர்க்கும், மாதம் 22,500 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாத சம்பளம் வாங்குவோர்க்கும் காம்பஸிலிருந்து விலக்கு உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதும் இங்கே ஒரு கணக்கு. பாஸுக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரி முதல் வங்கி போன்ற நிதிச் சேவைத் தொழில்கள் அல்லாதவற்றில் 5,600 சிங்கப்பூர் டாலர். வயது கூடக் கூட அது உயர்ந்து நாற்பதுகளின் நடுவில் 10,700 டாலரை எட்டும். 45 வயதுக்காரரை அனுப்பும் விலையில் ஏறக்குறைய இரண்டு இளைஞர்களை அனுப்பலாம் என்பதை, மூத்தவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று அடம்பிடிக்கும் துறைத் தலைவருக்குக் காட்டுங்கள்.

யாரை அனுப்ப முடியும் என்ற பதிவேடு

தேவை ஒரு பக்கம் தெளிவானால், மறுபக்கம் கையிருப்பு தெரிய வேண்டும். ஒவ்வொரு ஊழியரையும் பற்றி ஐந்தாறு விவரங்கள் போதும்: கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது, பட்டத்தின் பெயரும் பாடமும் என்ன, குழுமத்தில் சேர்ந்த தேதி எது, ஏற்கெனவே எந்த விசாவில் எத்தனை நாள் எங்கே இருந்திருக்கிறார், எந்த மொழி எந்த நிலையில் தெரியும், எவ்வளவு காலம் வெளியே இருக்கச் சம்மதம். கடைசியாகச் சொன்னதை ஆண்டுக்கு ஒருமுறை ஊழியரிடமே எழுத்தில் கேளுங்கள். கல்யாணமான பெண் போக மாட்டார், கைக்குழந்தை உள்ளவர் போக மாட்டார் என்று மேலாளர்கள் தாங்களாகவே முடிவு செய்து பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டபோது அவர்களில் பலர் போகத் தயாராகவே இருந்தார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒரே கேள்வியாக இருக்க வேண்டும், பதில் அவரவருடையதாக இருக்க வேண்டும்.

மறுப்பவர்களில் பலர், வாழ்க்கைத் துணையின் வேலைக்காகவே மறுக்கிறார்கள். எனவே ஒவ்வொரு நாட்டிலும் துணைக்கு என்ன உரிமை உண்டு என்பது பதிவேட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். எல்-1 ஊழியரின் துணை அமெரிக்காவில் வேலை செய்யலாம். ஹெச்-1பி ஊழியரின் துணைக்கு, ஊழியரின் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை எட்டினால்தான் அந்த அனுமதி. ஜெர்மனியில் அனுமதி உண்டு. சிங்கப்பூரில் 2021 மே முதல், துணைக்கும் தனியாக ஒரு வேலைப் பாஸ் வேண்டும். குடும்பத்தை அழைத்துச் செல்லவே ஊழியரின் சம்பளம் மாதம் 6,000 டாலராவது இருக்க வேண்டும். 5,600 டாலரில் திட்டம் போட்டால் குடும்பத்தைப் பிரிந்துபோகும் ஆளைத்தான் அது அனுப்பும் என்பதைத் திட்டம் போடுகிறவர் தெரிந்தே செய்யட்டும்.

குழந்தைகளின் பள்ளியாண்டு எளிதாக மறந்துபோகும். சிங்கப்பூரில் ஜனவரியிலும், ஜப்பானில் ஏப்ரலிலும், ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கோடை விடுமுறைக்குப் பின்னும் பள்ளி தொடங்குகிறது. நவம்பரில் கிளம்பச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ளவர் முடியாது என்றுதான் சொல்வார்.

ஒவ்வொரு இருக்கைக்கும் குறைந்தது இருவர் பெயரை எழுதுங்கள். இரண்டாமவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் சொன்னால் அவருடைய கடவுச்சீட்டு புதுப்பிப்பில் இருக்கும்.

ஓர் இருக்கையின் முழு விலை

சம்பளம், விமானக் கட்டணம், வாடகை மூன்றையும் கூட்டி நிறுத்திவிடுவது வழக்கம். சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வரியும்தான் பட்ஜெட்டை உடைப்பவை. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டு; கோவை நிறுவனம் அனுப்பும் ஊழியருக்கு நம் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கிவிட்டால் 48 மாதம் வரை ஜெர்மன் ஓய்வூதியச் சந்தா கட்ட வேண்டியதில்லை. அந்தச் சந்தா 18.6 விழுக்காடு, நிறுவனமும் ஊழியரும் பாதிப்பாதி கட்டுவது. ஜப்பானோடும் இத்தகைய ஒப்பந்தம் 2016 அக்டோபர் முதல் இருக்கிறது. சான்றிதழை ஊழியர் கிளம்புவதற்கு முன்பே வாங்குங்கள். ப்ளூ கார்டில் உள்ளூர் ஊழியராகப் போனவருக்கு இந்த விலக்கு பொருந்தாது.

அமெரிக்காவோடு அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. சமூகப் பாதுகாப்புக்கும் மருத்துவக் காப்பீட்டுக்குமாக நிறுவனம் 7.65 விழுக்காடும் ஊழியர் 7.65 விழுக்காடும் கட்ட வேண்டும். அமெரிக்க ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுச் சந்தா வேண்டும். ஹெச்-1பி வழக்கமாக ஆறு ஆண்டில் முடிந்துவிடும். ஆறு ஆண்டு கட்டிவிட்டுத் திரும்புகிறவர் பெரும்பாலும் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. இந்தியாவிலும் வைப்பு நிதியைத் தொடர்ந்தால் இரட்டைச் செலவு.

வருமான வரியில் கிளம்பும் தேதி முக்கியம். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த ஆண்டுக்கு இந்தியாவில் வசிக்காதவர். செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன் கிளம்பினால் பெரும்பாலும் இந்த நிலை கிட்டும். அக்டோபர் நடுவில் கிளம்பினால் அவர் வெளிநாட்டில் ஈட்டியதும் இந்திய வரிக் கணக்குக்குள் வந்து, அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். சம்பளம் இந்திய வங்கிக் கணக்கில் வரவாகிறதா என்பதையும் தணிக்கையாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். திட்டம் எந்த மாதத்தையும் ஏற்கும் என்றால், ஆகஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் நிறுவனத்துக்கு நட்டமில்லை, ஊழியருக்கு லாபம்.

கணக்கில் வராத பயணங்கள்

ஆன்சைட் இருக்கை கிடைக்கவில்லை என்றால் மேலாளர்கள் குறுக்குவழியாக வணிகப் பயண விசாவில் ஆளை அனுப்பி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்துக்குப் போவதும் அங்கே உட்கார்ந்து வேலை செய்வதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. அமெரிக்காவில் வணிகப் பயணத்துக்கான பி-1 விசாவைப் பயன்படுத்திய விதம் தொடர்பான குற்றச்சாட்டில் 2013ஆம் ஆண்டு இந்தியாவின் முன்னணி மென்பொருள் நிறுவனம் ஒன்று, குற்றச்சாட்டை மறுத்தபடியே, 3.4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் ஊழியர்கள் ஒரு நாட்டில் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் சேவை வழங்கினால், அங்கே நமக்கு நிலையான தொழிலகம் இருப்பதாகக் கருதி அந்த நாடு நிறுவனத்தின் லாபத்துக்கே வரி கேட்கலாம். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தில் வெளி வாடிக்கையாளர்களுக்கான சேவைக்கு இந்த எல்லை, பன்னிரண்டு மாதத்தில் 90 நாள். எனவே யார் எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தார் என்று நாடுவாரியாக ஓர் அட்டவணை வைத்து, மாதந்தோறும் கூட்டிப் பாருங்கள். பயண முகவரின் பில்களிலிருந்தே இதைத் தயாரித்துவிடலாம்.

இங்கே காலியாகும் இருக்கையும் திரும்பிவரும் ஆளும்

ஒருவர் ஸ்டுட்கார்ட்டுக்குப் போகும்போது கோவையில் ஓர் இருக்கை காலியாகிறது. அதை நிரப்ப வெளியிலிருந்து எடுப்பதானால் மூன்று மாத நோட்டீஸ் பீரியடும், அதன் மேல் வேலையைக் கற்றுக்கொள்ளும் காலமும் சேரும். அனுப்பும் முடிவும் நிரப்பும் முடிவும் ஒரே தாளில் ஒரே நாளில் கையொப்பமாக வேண்டும் என்பது நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒன்று. இல்லையென்றால் அனுப்பப்பட்டவரே இரவு பகலாக இரண்டு இருக்கையிலும் வேலை பார்ப்பார்.

திரும்பிவருவதைத்தான் திட்டங்கள் அடியோடு மறந்துவிடுகின்றன. ஐ.சி.டி. அட்டை எந்த மாதத்தில் முடியும், சிறப்பு அறிவு உள்ளவர்களுக்கான எல்-1பியின் ஐந்து ஆண்டு எப்போது நிறைகிறது என்பதெல்லாம் அவர் போகும் நாளிலேயே தெரிந்தவை. அப்படியிருந்தும் அவர் வந்து இறங்கிய பிறகுதான் எந்தக் குழுவில் போடுவது என்று பேச்சு தொடங்கும், அதுவரை அவர் வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மூன்று ஆண்டு வாடிக்கையாளரின் பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் கற்று வந்தவரைச் சும்மா உட்கார வைத்தால், போட்டி நிறுவனத்தின் அழைப்பை அவர் எடுப்பதில் வியப்பில்லை. போட்ட செலவை மீட்க, குறிப்பிட்ட காலம் விலக மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குவதும் பெரிதாக உதவாது. அது ஆளைச் சில மாதம் நிறுத்தும், வேலை செய்ய வைக்காது.

இதற்கு வழி எளியது. ஆள்பலத் திட்டத்தின் அட்டவணையில் ஒவ்வொரு ஆன்சைட் வரிசைக்கும் அடியில், திரும்பும் மாதத்தைக் குறித்து இன்னொரு வரிசையைச் சேருங்கள். அது எந்த நிதியாண்டில் விழுகிறதோ அந்த ஆண்டின் கோவை எண்ணிக்கையில் அவரையும் ஒருவராகக் கூட்டுங்கள். அந்த ஆண்டு வெளியிலிருந்து எடுக்க வேண்டிய மூத்த பொறியாளர்களில் ஓரிருவர் தானாகவே குறைவதைக் காண்பீர்கள். திரும்புவதற்கு ஆறு மாதம் முன்பாக, அவரோடும் அவரை ஏற்கப்போகும் குழுத் தலைவரோடும் ஒருமுறை அழைப்பில் பேசி, பதவி, சம்பளம், முதல் மூன்று மாத வேலை ஆகியவற்றை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். திரும்ப விருப்பமில்லை என்று அவர் சொன்னால், அதுவும் ஆறு மாதம் முன்பே தெரிந்துவிடும். அந்த வரிசையை ஆள்சேர்ப்புப் பட்டியலுக்கு மாற்ற நேரம் இருக்கும்.